சீதையின் கதைக்கு உரிமையாளர் யார்?

நீனா பேலி என்ற அமெரிக்க ஓவியர் தன் வீட்டுக் கணினியில் தன்னந்தனியாக வரைந்து முடித்த 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' 2008இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையேறியது. ஒரே ஒரு பாட்டுக்கான குறும்படமாகத் தொடங்கி 82 நிமிடப் படமாக வளர்ந்த இசைச்சித்திரம் அது. பேலியின் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. பேலியும் அங்கே போய்ச் சேர்கிறார். ஒரு வேலையாக அவர் நியூயார்க் வந்திருக்கும்போது, இனி நீ வரவேண்டாம் என்ற செய்தி கணவரிடமிருந்து மின்னஞ்சலில் வருகிறது. இந்தச் சொந்தக் கதையையும் ராமாயணத்தையும் அருகருகே வைத்து, 1920களில் அனெட் ஹான்ஷா என்ற பாடகி இசைத்தட்டுகளில் பாடிய காதல் துயரப் பாட்டுகளைச் சீதையின் வாயில் ஏற்றினார் பேலி. பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழா அந்த ஆண்டின் சிறந்த முழுநீளப் படம் என்று பரிசளித்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் மனம் திறந்து கொண்டாடினார். 2009இல் இந்து ஜனஜாக்ருதி சமிதி என்ற அமைப்பு படத்தைத் தடைசெய்யக் கோரியது. அதற்கு நேர் எதிரான முகாமிலிருந்தும் கண்டனம் வந்தது: கீழைநாட்டாரின் காவியத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் மணமுறிவுக்கு மருந்தாக எடுத்துக்கொண்டார் என்றார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேசின. இந்தக் கதை உன்னுடையது அல்ல என்பதே அந்தக் குரல். அப்படியானால் யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரிமை என்ற பேச்சு இந்தப் படத்தின் வரலாற்றிலேயே வேறொரு வகையில் எழுந்தது. ஹான்ஷாவின் ஒலிப்பதிவுகள் பழையவை. ஆனால் அந்தப் பாட்டுகளின் மெட்டுக்கும் வரிகளுக்கும் இசைப் பதிப்பு நிறுவனங்கள் இன்னும் காப்புரிமை வைத்திருந்தன. முதலில் சுமார் 2,20,000 டாலர் கேட்டு, பேரம் பேசிக் கடைசியில் 50,000 டாலருக்கு இறங்கி வந்தன. பாடியவரும் எழுதியவர்களும் மறைந்த பிறகு, எண்பது ஆண்டு வயதான சில காதல் பாட்டுகளுக்கு இந்த விலை. ஈராயிரம் ஆண்டு வயதான ராமாயணத்துக்கு அவர் யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை, யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. காவியம் இன்றுவரை உயிரோடு இருப்பதற்குக் காரணமே அதுதான் என்று நான் கருதுகிறேன். கம்பனும் துளசிதாசரும் எழுத்தச்சனும் வால்மீகியின் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கி எழுதத் தொடங்கவில்லை. ஜாவாவின் தோல்பாவைக் கூத்தும் தாய்லாந்தின் 'ராமகியென்'னும் அயோத்தியிடம் கேட்டு உருவானவை அல்ல. பேலி இதை நன்றாகவே உணர்ந்தார். கடன்பட்டு எடுத்த படத்தை, யாரும் பிரதியெடுக்கலாம், திரையிடலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு பொதுவெளியில் விட்டார். பிறகு 2013இல் எஞ்சியிருந்த நிபந்தனைகளையும் கைவிட்டார். தடை கேட்டவர்கள் காவியத்தைக் காக்கிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டதோ பதிப்பு நிறுவனங்கள் கேட்டதைப் போன்ற ஒரு காப்புரிமையை. நிறுவனங்கள் கேட்டது காசு, இவர்கள் கேட்டது பணிவு. அனுமதி வாங்காமல் வாய் திறக்கக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்றே.

சொந்தத் துயரைச் சீதையின் மேல் ஏற்றிப் பேசியது தவறு என்ற வாதம் இதைவிட ஆழமானது. தெய்வத்தை நம் வீட்டுச் சண்டையின் அளவுக்குக் குறுக்கிவிட்டதாக அது சொல்கிறது. இதற்கு மரபே பதில் சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டு வங்காளத்தில் சந்திராவதி ஒரு ராமாயணம் பாடினார். காதலித்தவன் மணநாளில் வேறொருத்தியை மணந்துகொண்டதால் தனித்துப்போனவர் அவர் என்றும், தந்தையின் சொற்படி சிவபூசையிலும் ராமாயணம் பாடுவதிலும் வாழ்நாளைக் கழித்தவர் என்றும் மைமன்சிங் வட்டாரத்து நாட்டுப்பாடல் சொல்கிறது. அவருடைய காவியத்தில் போர்க்களம் ஒதுங்கிக்கொள்கிறது, சீதை தன் கதையைத் தானே சொல்கிறாள், ராமன் கண்டிக்கப்படுகிறான். ஆந்திரத்துப் பெண்கள் வீட்டுக்குள் பாடிவந்த பாட்டுகளை வேல்சேரு நாராயண ராவ் ஆராய்ந்திருக்கிறார். ஊர்மிளையின் பதினான்கு ஆண்டு உறக்கமும், பிரசவ வலியும், ராவணனின் படத்தை வரையும்படி அவளைச் சிக்கவைக்கும் சூழ்ச்சியும் அந்தப் பாட்டுகளுக்குப் பொருள். தமிழில் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும், அவன் பாதத்தூளால் உயிர்பெற்ற அகலிகை மறுபடி கல்லாகிறாள். ராமன் மீதான இவ்வளவு கடுமையான தீர்ப்பை ராமனாலேயே மீட்கப்பட்டவளின் உடலில் எழுதிக் காட்டிய கதை அது. இவர்கள் யாரும் சீதையைச் சிறுமைப்படுத்தவில்லை. தம் வலி எங்கே முழுதாகப் புரிந்துகொள்ளப்படும் என்று தேடி அவளிடம் போனார்கள். கைவிடப்பட்டவர்கள் வந்து நிற்க இடமில்லாத தெய்வத்தை நாம் ஏன் தெய்வம் என்கிறோம்?

இவர்களெல்லாம் உள்ளிருந்து பேசியவர்கள், பேலி வெளியாள், பக்தரும் அல்லர், அவர் படத்தில் கேலி இருக்கிறது என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. சந்திராவதி சிவனை வணங்கிய கையால் எழுதினார். பேலியின் படத்தில் அந்தப் பூசையறை இல்லை. வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் தந்தையைப் புகழ்ந்து பாடும் காட்சி புகழ்ச்சியின் உடையில் வரும் குத்தல்தான். முடிவில் திருமால் திருமகளின் கால்களைப் பிடித்துவிடுகிறார். நாள்தோறும் ராமநாமம் சொல்லும் ஒருவருக்கு இந்தக் காட்சிகள் உறுத்தினால் அந்த உறுத்தலை நடிப்பு என்றோ அரசியல் என்றோ தள்ளிவிடுவது நியாயமாகாது. நான் ஏற்காதது அடுத்த படி. எனக்கு வலித்தது என்பது ஒரு சாட்சியம். ஆகவே இது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது ஒரு தீர்ப்பு. சாட்சி சொல்ல வந்தவர் எப்போது நீதிபதியின் இருக்கையில் ஏறினார்? காவியம் தன் முதல் அவையை எப்படிக் காட்டுகிறது என்று பார்க்கலாம். உத்தர காண்டத்தில், அசுவமேத வேள்வியின்போது லவனும் குசனும் ராமாயணத்தைப் பாடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவன் ராமன். சீதையைத் தீக்குளிக்க வைத்த சொற்களைச் சொன்ன ராமனின் கதையை, அந்த ராமனின் முன்பாகவே, அவனுடைய பிள்ளைகளே பாடுகிறார்கள். அவன் நிறுத்தச் சொல்லவில்லை. ராமனே பொறுத்துக் கேட்டதை ராமனின் பெயரால் நாம் பொறுக்க மாட்டோம் என்பது எந்த வகைப் பக்தி என்று எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் உரிமை கேட்கவில்லை, காவலர்களாக இருக்கிறோம் என்று இன்னொரு பதில் வரக்கூடும். காவல் மதிக்கத்தக்க பொறுப்புதான். திருவரங்கத்தில் கம்பன் தன் நூலை அரங்கேற்றியபோது அவையோர் இரணியன் வதைப் படலத்துக்குத் தடை சொன்னதாக மரபு உண்டு. வால்மீகியில் இல்லாததை நீ எப்படிச் சேர்க்கலாம் என்பது அவர்கள் கேள்வி. கோயிலின் நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதும் அவை அடங்கியது என்பது கதை. அது நடந்ததா என்பது இங்கே பொருட்டன்று. ஒரு சமூகம் தன் காவியத்தைப் பற்றி இப்படி ஒரு கதையைச் சொல்லி வைத்துக்கொண்டது என்பதே பொருட்டு. கற்றோர் கேள்வி கேட்டார்கள், ஆனால் ஏட்டைக் கேட்ட பிறகு கேட்டார்கள். பேலியின் படத்திலும் மூன்று இந்தியக் குரல்கள் நிழற்பாவைகளாக வந்து கதையைச் சொல்கின்றன. பெயர்களை மறந்து, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு, அனுமனோடு சீதை ஏன் திரும்பிப் போகவில்லை என்று வாதாடுகின்றன. இந்தியர்கள் இந்தக் கதையோடு வாழும் விதம் அதுதான். வீட்டுத் திண்ணையில் நடக்கும் ராமாயண வாக்குவாதத்தை இவ்வளவு உண்மையாகப் பதிவு செய்த வேறொரு படம் எனக்குத் தெரியாது. ஆகவே வெளியாள் என்ற சொல் இந்தப் படத்தின் மேல் முழுதாக ஒட்டவும் இல்லை.

படத்துக்குக் கிடைத்த பாராட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒரே பெண், ஒரே கணினி என்று வியந்த பலர் அந்த வியப்போடு நின்றுவிட்டார்கள். கையில் காசில்லாமல் செய்தது என்பதற்காக ஒரு படைப்பைக் கனிவோடு பார்ப்பது நல்ல மனம். அதையே மதிப்பீடாக்கிக்கொள்வது படைப்பை மதிக்காதது. தடை கோரியவர்களைப் போலவே இவர்களும் எடுத்தவரைப் பார்த்தார்கள், எடுத்ததைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எல்லாத் துயரப் பாட்டும் சீதைக்கே போய்விட்டது. ராமனுக்குப் பெருத்த தோளும் மார்பும் இருக்கின்றன, உள்ளம் இல்லை. பேலியைக் கைவிட்ட கணவரின் இடத்தில் வைப்பதற்கு அந்த அளவு போதும், சீதை காதலித்தவனாக இருப்பதற்குப் போதாது. எட்டாம் நூற்றாண்டில் பவபூதி 'உத்தரராமசரித'த்தின் மூன்றாம் அங்கத்தில் ராமனுக்கு அந்த உள்ளத்தைக் கொடுத்துக் காட்டினார். ராமன் பழைய தண்டகாரண்யத்துக்கு வருகிறான். வாசந்தி என்ற வனதேவதை, சீதையை எப்படித் துரத்தினாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவன் அழுது மூர்ச்சையாகிறான். கண்ணுக்குத் தெரியாமல் அருகில் நிற்கும் சீதை அவனைத் தொட்டு உயிர்ப்பிக்கிறாள். கண்டனமும் காதலும் ஒரே காட்சியில் நிற்கின்றன, ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. பேலியின் படத்தை எதிர்த்தவர்கள் இந்த இடத்தைச் சுட்டிக் கேட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். அவர் கொடுத்த உரிமமோ, அந்த ராமனை எடுத்து வேறு மாதிரி வரைய இன்றும் எவரையும் அனுமதிக்கிறது.