கட்டங்களைச் சேர்ப்பவர் யார்?

காமிக்ஸ் பக்கத்தில், ஒரு கட்டத்தில் ஓடுபவனும் அடுத்த கட்டத்தில் சுவரேறிக் குதிப்பவனும் தனித்தனியே வரையப்பட்ட இரண்டு உருவங்களே. அவற்றை ஒருவனாக்குவது எது என்னும் வினா, பொருள்கள் யாவும் கணந்தோறும் தோன்றி அழியும் என்ற பௌத்தக் கணபங்கவாதத்துக்கும், நேற்றுக் கண்டதை இன்று 'அதுவே இது' என்று அறிய நிலைத்த ஆன்மா வேண்டும் என்ற சைவ சித்தாந்தத்துக்கும் இடையே நடந்த பழைய வழக்கே ஆகும். பிரெஞ்சு-பெல்ஜியச் சித்திரக்கதைகள் அதற்குப் புதிய சான்றுகளைத் தருகின்றன.

1929இல் டின்டின் சித்திரக்கதையைத் தொடங்கிய எர்ஜே படிப்படியாகச் செம்மைப்படுத்திய பாணி 'தெளிகோடு' எனப்படும். அதில் கோட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும், நிழற்கீறல் அரிது, வண்ணம் தட்டையாகப் பூசப்படும். புள்ளிக் கண்களும் தூக்கிய முன்மயிருமான டின்டினின் முகத்துக்கு 1976 வரை வயதே ஏறவில்லை. ஸ்பிரூ இதழைச் சூழ்ந்து வளர்ந்த மார்சினெல் பள்ளி கோட்டுக்குத் துள்ளலைத் தந்தது. ஆனால் 1963இல் ப்ளூபெரியை, அதாவது தமிழ் வாசகரின் கேப்டன் டைகரை, வரையத் தொடங்கிய ழான் ஜிரோவின் தூரிகையோ, நடிகர் பெல்மோண்டோவின் சாயலில் பிறந்த முகத்தை ஆண்டுக்காண்டு தாடியும் சுருக்கமும் படர மாற்றிக்கொண்டே சென்றது. கணபங்கவாதிக்கு இதைவிட வலிய சாட்சி கிடைப்பது கடினம்.

வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைய 1984இல் நூலாக வரத் தொடங்கி, சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக 'இரத்தப் படலம்' என்று தமிழில் வந்த கதை இன்னும் ஆழமாகச் செல்கிறது. கழுத்தெலும்பருகே ரோமன் எண் பதின்மூன்று பச்சை குத்தப்பட்டிருக்கும் அதன் நாயகன், தலையில் குண்டடிபட்டு நினைவிழந்து கரையொதுங்குகிறான். அவனுடைய முகமும் அறுவைச் சிகிச்சையால் வேறொருவனின் சாயலுக்கு மாற்றப்பட்டது என்பது பின்னர் தெரியவருகிறது. நினைவும் முகமும் தனதல்லாத அவனை வாசகர் ஒரு கட்டத்திலும் தவறவிடுவதில்லை. அந்தக்கரணம், அதாவது மனம் முதலிய உட்கருவிகள், ஆன்மா அல்ல என்னும், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரக் கருத்து இங்கே பொருந்தக் காணலாம்.

வாசகரும் ஒரு கணத்தொடரே என்று பௌத்தர் மறுப்பார்; அழியும் முன்கணம் தன் வாசனையை, அதாவது பதிவை, பின்கணத்துக்குக் கொடுத்துச் செல்வதால் கட்டங்கள் இணைகின்றன என்பார். எனினும் அது வழக்கை முடித்துவிடாது. வந்துசேர்ந்த பதிவைத் தன்னுடையதென்று அறிபவர் யார் என்பதே சித்தாந்தி கேட்டது.