தாய்க்கு நாம் பட்ட கடன்

ஆடி அமாவாசையன்று குமரி முனைக் கடற்கரையில் கால் வைக்க இடம் இராது. எள்ளும் தருப்பையும் சோற்று உருண்டையுமாக மக்கள் வரிசையில் அமர்ந்திருப்பர். புரோகிதர் சொல்லும் புரியாத மொழியைத் திருப்பிச் சொல்லி, உருண்டையைக் கடலில் இட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவர். அந்த இடத்தில் அடுத்தவர் அமர்வார்.

இதைக் கண்டு நகைப்பது பகுத்தறிவாளனுக்கு எளிது. நாம் நகைக்கப் போவதில்லை. புரோகிதரின் மந்திரம் பொய்யாகலாம். தாயை இழந்த மகனின் கண்ணீர் பொய்யன்று. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தத் தாய்க்கு அவன் பட்ட கடன் அந்த உருண்டையோடு தீர்ந்துவிட்டதா? தீரவில்லையென்றால், மீதிக் கடன் எது? அதை யாரிடம் செலுத்துவது?

சடங்கை மறுக்கும் இளைஞர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிவிட்டதாக எண்ணவேண்டாம். திவசத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதவன், செலவைத்தான் மிச்சப்படுத்தினான்.

தாயைப் போற்றாத நாடன்று நமது நாடு. ‘தாயே தெய்வம்’ என்போம். ‘தன்னை உருக்கி நம்மை வளர்த்த மெழுகுவத்தி’ என்போம். இந்தப் புகழுரைகளைச் சற்று உரசிப் பாருங்கள். அவள் எதை இழந்தாள் என்பதே பேச்சாக இருக்கும். எதை விரும்பினாள் என்பது இராது. தெய்வமாக்கிவிட்டால் ஒரு வசதி உண்டு: தெய்வம் பங்கு கேட்காது, வெளியே போகவேண்டும் என்று சொல்லாது. வைத்த இடத்தில் இருக்கும்!

நாம் அறிந்த தாய்மார் பலர் அப்படி வைத்த இடத்தில் இருந்தவர்கள் அல்லர். வாய்விட்டுச் சிரித்தவர்கள், தெருவில் நின்று நியாயம் பேசியவர்கள், பசித்து வந்தவன் என்ன சாதி என்று கேளாமல் இலை போட்டவர்கள். ஆனால், அவர்கள் கொடுத்ததில் பெரும்பகுதி ஒளித்துக் கொடுத்தது. அண்டை வீட்டுப் பிள்ளைக்காக ஒரு நாழி அரிசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனது. விதைத்தவள் அவள், நட்டவள் அவள், அவித்துக் குத்தியவள் அவள். தன் உழைப்பில் விளைந்ததை அவளே திருடுவதுபோல் எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது! ஏன்? பத்தாயத்தின் திறவுகோல் அவள் இடுப்பில் இல்லை. ஈகை என்பது உள்ளத்தின் குணம் மட்டுமன்று, உரிமையின் விளைவுங்கூட. தனதென்று ஒன்றும் இல்லாதவள் எதைக் கொடுப்பாள்?

நாஞ்சில் நாட்டின் கதை இதற்குத் தக்க சான்று. இங்கே வேளாளரிடையே நெடுங்காலம் இருந்தது மருமக்கள் வழி. பெண்வழியே குடும்பம் எண்ணப்பட்டது. பெயரைக் கேட்டால் தாயின் ஆட்சி என்றே தோன்றும். நடந்ததோ தாய்மாமனின் ஆட்சி! காரணவர் என்ற ஆண்மகன் கையில் நிலமும் நெல்லும் இருந்தன. அவர் கண்மூடினால் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும். அவரோடு வாழ்ந்த மனைவிக்கும் அவர் பெற்ற மக்களுக்கும் கிட்டியது ‘உகந்துடைமை’ எனும் சிறு பங்கு. அந்த வீடுகளில் நடந்த கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடினார். அதை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே அமைத்தார். கிளர்ச்சி வளர்ந்தது, 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது, மனைவி மக்களின் உரிமையைச் சட்டம் ஏற்றது.

மற்ற இடங்களில் இருந்தது மக்கள் வழி. அங்கே ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு ஆண்மக்கள் என்றே பொருள். மகள் வெறுங்கையோடு போனாள். ஆக, அந்த வழியில் மனைவி அழுதாள். இந்த வழியில் மகள் அழுதாள். வழி எதுவாயினும் திறவுகோல் ஆணின் இடுப்பில்!

சுதந்திர உள்ளமும் கொடைக் கையும் ஒருங்கே பெற்ற ஓர் அன்னையை நாடு அறியும். அவர் நாகம்மையார். அவர் பெற்ற ஒரே மகவு சில மாதங்களிலேயே மறைந்தது. ஆயினும் ஈரோட்டு வீட்டில் அவர் கையால் உண்டவர்கள் எண்ணிலர். உபசரித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1921இல் கள்ளுக்கடை மறியலில் தெருவில் நின்றார். 1924இல் வைக்கம் தெருவில் நின்றார். அன்று வைக்கமும் நாஞ்சில் நாடும் ஒரே திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. ‘இந்த வீதியில் நீ நடக்காதே’ என்ற அதே அநீதி சுசீந்திரத்திலும் இருந்தது. 1926இல் அங்கும் சத்தியாக்கிரகம் எழுந்தது.

1933 மே 11ஆம் நாள் நாகம்மையார் மறைந்தார். பெரியார் மறுநாளே திருச்சிக்குச் சென்று, தடையை மீறி ஒரு சீர்திருத்தத் திருமணத்தை நடத்தினார். இதைப் பலரும் சொல்வர். நாம் நினைவூட்ட விரும்புவது ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதிய இரங்கலுரையை. மனைவியைத் தெய்வமாக்கி அவர் எழுதவில்லை. பெண் விடுதலை குறித்து ஊருக்குத் தாம் சொன்னதில் நூறில் ஒரு பங்கேனும் தம் வீட்டில் நடந்துகாட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று ஊரறிய எழுதினார்.

இறந்தவரை நினைப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. புகழ்வது எளிது, செத்தவர் மறுத்துப் பேசமாட்டார். அவருக்கு நாம் இழைத்ததைக் கணக்குப் பார்ப்பதே கடினம். பின்னாளில் அந்த அன்னையின் பெயரால் திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இல்லம் எழுந்தது. பசித்த வாய்க்குச் சோறிட்டவரின் நினைவு, பசித்த வாய்க்கே போய்ச் சேர்ந்தது.

“எல்லாம் சரி, சடங்கினால் எங்கள் மனம் ஆறுகிறதே! அதையும் பறிப்பீர்களா?” என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. மனம் ஆறட்டும், அழுகை வந்தால் அழட்டும். ஆனால், மனம் ஆறுவது நமக்கு நாம் செய்துகொள்ளும் மருந்து. அதைத் தாய்க்குச் செலுத்திய கடன் என்று கணக்கில் எழுதுவதுதான் தவறு. தாய் இனி எதையும் வாங்க வரமாட்டாள். அவள் பெற வேண்டியதைப் பெற உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

யார் அவர்கள்? பதினாறாம் நாள் முடிந்ததும் பல வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பந்தல் பிரிக்குமுன் ஒரு பத்திரம் வரும். அக்காளும் தங்கையும் கையொப்பமிட வேண்டும். தாயின் நிலத்திலும் நகையிலும் தமக்குள்ள பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை? மறுத்தால், ‘பிறந்த வீடு வேண்டாமா?’ என்ற கேள்வி வரும். பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் உரிமையைப் பங்கு கொடுத்து வாங்குகிறாள் அந்தப் பெண்.

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தாயின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் அந்தச் சமநிலை தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும் வந்தது. செங்கற்பட்டிலிருந்து சட்டமன்றம் வரை வர அறுபது ஆண்டு! சட்டமன்றத்திலிருந்து நம் வீட்டு முற்றம் வரை வர இன்னும் எத்தனை ஆண்டு?

இளைஞர்களே! அரசு வந்து செய்ய இதில் மீதமில்லை. நீங்கள் செய்யவேண்டியதுதான் மீதம். தாய் மறைந்த வீட்டில் விடுதலைப் பத்திரம் எழுத வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். தங்கை கேளாமலே அவள் பங்கை அளந்து கொடுங்கள். மனைவியின் கையில் திறவுகோல் இருக்கட்டும். அவள் கொடுப்பதைக் கணக்குக் கேளாதீர்கள். உங்கள் மகளின் தலைமுறையில் எந்தத் தாயும் ஒரு நாழி அரிசியை முந்தானையில் மறைக்காதிருக்கட்டும்.

தாயின் கை திறந்த கை. அந்தக் கைக்கு நாம் செய்யும் சிறப்பு எது? கடலில் கரையும் பிண்டமா, தங்கையின் கையில் சேரும் பங்கா? விடை சொல்லப் புரோகிதர் வேண்டாம். நெஞ்சில் நேர்மை போதும்.