நீலமாக நின்ற ஒரு குழி

நான் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டது அம்மா. எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டருக்கு ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் பிராஜெக்ட். "டி.பி.க்கு மருந்து பாக்குறா" என்று தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது சொல்லியிருக்கிறாள். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, புது மாத்திர கண்டுபுடிக்கிறியாமே? இத்தப் போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவுது. அத்த மொதல்ல நிறுத்து."

அக்கா கொடுங்கையூர் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குபவர். ஓட்டேரி ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்து டி.பி. என்று சொல்லி, ஆறு மாத மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆறு மாதமும் என்னுடைய ஆறு மாதமும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடின. சிவப்புக்குக் காரணம் ரிஃபாம்பிசின். அது என் மேசையிலும் இருந்தது.

வேலை இதுதான். 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி பாக்டீரியா, அதன்மேல் வேதியியல் துறையில் செய்து அனுப்பிய ஏதோ ஒரு சேர்மம். கடைசியில் ரெசாசுரின் என்ற நீலச் சாயம். பாக்டீரியா உயிரோடு இருந்தால் சாயம் பிங்க் ஆகும், வளராமல் முடங்கினால் நீலமாகவே நிற்கும். நிஜமான காசநோய்க் கிருமியை மாணவர்கள் கையில் தர மாட்டார்கள். அதன் சாதுவான சொந்தக்காரி, மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸைத்தான் தருவார்கள். அதனால் இது விளையாட்டு வேலை என்று ஆகிவிடாது. 2005இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பெடாகுயிலினையும் முதலில் இதே ஸ்மெக்மாடிஸை வைத்துத்தான் சலித்தெடுத்தார்கள்.

எனக்கு எல்லாம் பிங்க். வாராவாரம் பிங்க். மூலக்கடையில் நான் ஏறும் இலவச பஸ்ஸும் பிங்க்தான். ஒப்பீட்டுக்காக ரிஃபாம்பிசின் போட்ட குழி மட்டும் தவறாமல் நீலமாக நிற்கும். அக்கா முழுங்குகிற மருந்து.

நான்காவது மாதம் 14ஆம் எண் சேர்மம் நீலமாக நின்றது. அன்றிரவு தூங்கவில்லை. திரும்பச் செய்தேன், பிங்க். மூன்றாம் முறையும் பிங்க். முதல் தடவை என்ன ஆனது என்று நோட்டைப் புரட்டியதில் பிடிபட்டது. சேர்மத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவத்தை அளவு தப்பி அதிகம் விட்டிருந்தேன். அதிகமானால் அதுவே கிருமியை முடக்கிவிடும். சீனியர் ஒருவர் தோளைத் தட்டி, "அந்த ஒரு ரீடிங்கப் போட்டுக்கோ. வைவால யாரு கேக்கப்போறா?" என்றார். போட்டேன். 'மேலும் ஆராயத்தக்கது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

மாணவரும் மருந்தும் என்றவுடன் எல்லோரும் சொல்கிற கதை ஆல்பர்ட் ஷாட்ஸுடையது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், அடித்தள ஆய்வகம் ஒன்றில் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்த 23 வயது ஆராய்ச்சி மாணவர். 1952 நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. நியாயமான கோபம்தான். மாணவருக்கு உலகம் என்ன கொடுக்க வேண்டும் என்பதை இப்படி நிறையப் பேசியிருக்கிறோம். மாணவர் என்ன கொடுக்க வேண்டும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சம்பளமில்லாத பிள்ளையிடம் போய் என்ன கேட்பது என்ற தயக்கமாக இருக்கலாம்.

ப்ளஸ் டூ பிராக்டிகலில் பியூரெட் ரீடிங்கைப் பக்கத்து மேசையைப் பார்த்துத் திருத்தாதவர்கள் கை தூக்குங்கள். அது பெரிய பாவம் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. சரியான விடை முன்பே ஆசிரியரின் நோட்டில் இருக்கிறது. நான் பொய் எழுதினால் எனக்குத்தான் படிப்பு போயிற்று, உலகத்தில் ஒன்றும் மாறாது. ஆனால் 14ஆம் எண்ணுக்கு விடை யாருடைய நோட்டிலும் இல்லை. நான் எழுதுவதுதான் விடை. பயிற்சி முடிந்து நிஜம் தொடங்குகிற அந்த இடத்தில் யாரும் பலகை நட்டு வைப்பதில்லை. அதே வெள்ளை கோட்டு, அதே ரெக்கார்டு நோட்டு, அதே பழைய கை.

இந்த ஊருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரு வருடம் வைத்தியம் பார்த்தது. வீட்டு வைத்தியத்தின் பலனும் ஏறக்குறைய சானடோரியத்துக்கு நிகர்தான் என்று 1959இல் முடிவு வந்தது. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஓலைக் குடிசைக்குள் யாரோ ஒருவர் மாத்திரையை எண்ணி, உள்ளதை உள்ளபடி குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை நம்பித்தான் அக்கா இன்று வீட்டிலேயே இருந்து மாத்திரை முழுங்க முடிகிறது.

'மருந்து வந்துடும்க்கா' என்று அவரிடம் சொன்னதும் பொய்தான். அது எனக்கு உறுத்தவில்லை, அவரும் நம்பவில்லை, சிரித்துக்கொண்டோம். எழுதியதுதான் உறுத்துகிறது. தோற்ற சேர்மத்தைத் தோற்றது என்று எழுதினால் பிராஜெக்ட்டே தோற்றதாக மார்க் போடும் முறை மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபப்படுகிற அளவுக்கு நான் சுத்தமில்லை.

அக்காவுக்கு மாத்திரை முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மறுபடி குப்பைமேட்டுக்குப் போகிறார். நான் கிண்டியில் வேலைக்குப் போகிறேன்.

போன மாதம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அதே ஆய்வகம், இந்த வருட பேட்ச். என் தீசிஸைப் பார்த்துவிட்டு அவளுக்கு 14ஆம் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, மூணு மாசமா பிங்க்காவே வருதுக்கா. நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியல."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்று ஆரம்பித்து டி.எம்.எஸ்.ஓ. கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரிக்கா. இத சார்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"