அரைக்காசும் வெள்ளி டாலரும்

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், வெல்லம் வைப்பதாக நேர்ந்துகொண்டு அரைக்காசு அம்மனை நினைப்பது நம்மவர் வழக்கம். அந்த அம்மன் வேறு யாருமல்லள். திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரருடன் கோயில்கொண்டு, புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் குலதெய்வமாக விளங்கிய பிரகதாம்பாளே, தன் திருவுருவைப் பொறித்த சிறு செப்புக் காசினால் இப்பெயர் பெற்றாள். காசில் எழுந்தருளிய தேவியிடம் இழந்ததைக் கேட்கிற நாம், ஒரு பொருளை எப்போது இழந்ததாகச் சொல்வது என்பதை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

நாணயம் சேர்ப்போர் பெரிதும் விரும்பும் அமெரிக்க வெள்ளி டாலரின் சரித்திரம் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. மார்கன் டாலர் எனப்படுவது 26.73 கிராம் எடையுள்ளது. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதாவது நம் பழைய ரூபாய் இரண்டில் உள்ளதைவிட அதிகம். முதல் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டான 1918-ல், நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் தரச் சொல்லி இந்திய மக்கள் நெருக்க, சர்க்கார் கஜானாவில் வெள்ளி வற்றிவரவே, அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்களை உருக்கிற்று. அவற்றில் ஏறக்குறைய 25.9 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவின் தேவைக்கென்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த ரூபாயாக மறுபிறவி எடுத்தது. சொந்தமாக வெள்ளிக் காசு அடிக்காமல் பிரிட்டிஷ் ரூபாயையே வழங்கிவந்த புதுக்கோட்டைச் சீமையின் சந்தைகளிலும் அந்த வெள்ளி கைமாறியிருக்கலாம். பிறகு தட்டாரின் உலையில் உருகி, ஏதோ ஒரு குழந்தையின் கொலுசாக ஆகியிருக்கலாம்.

இதில் இழந்தது என்ன? சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் புதல்வன் சுவேதகேதுவுக்கு மண், பொன், இரும்பு ஆகியவற்றைக் காட்டிச் செய்யும் உபதேசத்தின்படி, வெள்ளியே உண்மை. டாலரும் ரூபாயும் கொலுசும் வெறும் நாமரூபங்கள். ஆகவே ஒன்றும் அழியவில்லை என்று வேதாந்தி சொல்லிவிடலாம். சேகரிப்பவர் இதற்கு உடன்படமாட்டார். பிலடெல்பியா நாணயசாலையின் கணக்கில் 1895-ஆம் ஆண்டுக்கு 12,000 டாலர்கள் அடித்ததாக எழுதப்பட்டிருக்க, அவற்றில் ஒன்றுகூட இதுவரை உறுதியாகக் கண்டெடுக்கப்படவில்லை. கண்ணாடிபோல் மெருகிட்டுச் சேகரிப்போருக்கென்றே தனியாக அடித்த 880 மட்டுமே அங்கிருந்து அந்த ஆண்டின் பெயர் சொல்ல வந்தவை. பெருந்தொகை கொடுத்து அவற்றில் ஒன்றை வாங்குகிறவர் உண்மையில் மதிப்பது கையிலுள்ள வெள்ளியையா, வராமற்போன பன்னீராயிரத்தையா? அபூர்வம் என்பது ஒரு நாணயத்தின் குணமன்று. அதன் தோழர்களின் மறைவே.

அதற்காக அவரை லோபி என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. விக்கிரகத்தின் முன் கைகூப்புகிற எவனும் செம்பையும் ஈயத்தையும் வணங்குவதில்லை; உருவத்தைத்தான் வணங்குகிறான். புதுக்கோட்டைச் சீமையின் ஆலங்குடி வட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-ல் அகப்பட்ட 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. காரணம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. வெட்டியவன் பொன்னுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை; உருவத்தையே தண்டித்தான். நாமரூபம் பொய்யென்றால் உளிக்கு என்ன வேலை?

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் இதே மண்ணில் உண்டு. 1738-ல் திருவரங்குளத்துக் காட்டில் விஜயரகுநாதத் தொண்டைமான் சதாசிவ பிரம்மேந்திரரைக் கண்டபோது, மௌனியாகிய அவர் மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார் என்றும், மன்னர் அம்மணலை அள்ளிவந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்றும் சம்ஸ்தானத்து ஐதிகம் கூறும். அள்ளிய கணமே எழுத்து கலைந்திருக்கும், எஞ்சியது மணல்தான். அதையும் மன்னர் வணங்கினார். ஒருபுறம் உருவம் கலைந்த மணல், மறுபுறம் உருவத்துக்காகவே மதிக்கப்படும் காசு: இரண்டையும் ஒரே அரசகுலம் போற்றியதைக் காணும்போது, பொருளா உருவமா என்ற வழக்கு பக்திமானுக்கு அவ்வளவு முக்கியமன்று என்றே தோன்றுகிறது.

சேகரிப்போருடன் எனக்கு உள்ள பிணக்கு வேறு. தேய்மானமில்லாத நாணயத்துக்கே அவர்கள் முதலிடம் தருகிறார்கள். தேயாத காசு என்றால், பெட்டியில் கிடந்து தன் ஸ்வதர்மத்தைச் செய்யாத காசு என்றே பொருள். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு தானமாகக் கொடுக்கப்பட்ட அம்மன் காசை எடுத்துப் பாருங்கள்: பின்புறத்தில் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்துகள் பாதி மழுங்கி, முன்புறத்தில் அமர்ந்திருக்கும் தேவி வெறும் மேடாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தோளும் முடியும் தெரியும். அந்த முகத்தைத் தேய்த்தவை பசித்தவர்களின் விரல்கள். சேகரிப்போரின் கணக்கில் அது கடைத்தரம். என் கணக்கில் 1895-ஆம் ஆண்டு டாலர் அதற்கு ஈடாகாது.

உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் அம்மன் காசு ஒன்று அகப்பட்டால், பளபளக்கட்டும் என்று புளியிட்டுத் துலக்காதீர்கள். செம்பில் படிந்த கருமையோடு, மிஞ்சியிருக்கும் அம்மனும் போய்விடுவாள்.