'ஓ மை காட்' சொன்னால் பாவமா?

திடுக்கிட்டால் 'காஷ்', 'ஜீ' என்று வாய்விடுவது ஆங்கிலம் பேசுவோர் வழக்கம். முன்னது 'காட்' என்பதன் மாற்றுவேடம். பின்னது 'ஜீசஸ்' என்பதன் பாதி. கடவுளின் பெயரை வீணில் சொல்லாதே என்ற மோசேயின் கட்டளைக்கு அஞ்சியவர்கள் புழக்கத்தில் விட்டவை இவை.

அந்த அச்சம் இங்கிலாந்தில் சட்டமாகவே வந்தது. நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை விளையாட்டாகச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம் என்றது 1606-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பாதி அரசருக்கு, மறுபாதி வழக்குப் போட்டவருக்கு! ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1622-இல் அச்சானபோது, இயாகோ வாய் திறந்ததுமே 'ஸ்ப்ளட்' என்கிறான். கடவுளின் குருதி மேல் இடும் ஆணையின் சுருக்கம் அது. அடுத்த ஆண்டே வந்த பெருந்தொகுப்பில் அந்தச் சொல்லைக் காணோம்.

ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கம் 1927-இல் போட்ட தடைப் பட்டியல் இன்னும் கறார். எழுத்தை எப்படி மாற்றினாலும் தடை தடைதான் என்றது.

அப்படியானால் குற்றம் ஒலியிலா, நினைப்பிலா? பொய்க்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பதே பெரும் பிழை. லாரிக்கு முன்னால் ஓடும் பிள்ளையைப் பார்த்து அலறும் தாய் எந்தப் பொய்க்கும் சாட்சி தேடவில்லை. அவள் கூப்பிடுகிறாள், அதைப் பிரார்த்தனை என்றே கொள்ள வேண்டும். உறுத்துவது வேறு இடம். 1917-இல் கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், புதிய பட்டம் ஒன்றைக் கிண்டல் செய்ய 'ஓ.எம்.ஜி.' என்று எழுதினார். அங்கே அச்சமும் இல்லை, அழைப்பும் இல்லை. செருப்பு விலையைக் கேட்டுச் சொல்லும் 'ஓ மை காட்'டும் இந்த வகைதான்.

பாகவதம் எதிர்த்திசையில் போகிறது. சாகும் தறுவாயில் யமதூதரைக் கண்டு நடுங்கிய அஜாமிளன், 'நாராயணா' என்று தன் கடைசி மகனைத்தான் கூப்பிட்டான். வந்ததோ விஷ்ணுதூதர்கள். நினையாமல் சொன்ன பெயர் ஓரிடத்தில் பாவம், இன்னோரிடத்தில் மீட்பு. ஆனால் பெயர் வெறும் சத்தமல்ல என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அஜாமிளன் கதை அங்கே முடிவதுமில்லை. உயிர் பிழைத்தவன், தூதர்கள் பேசியதைக் கேட்டுப் பழைய வாழ்வுக்கு வருந்தி, கங்கைக்கரைக்குப் போய்த் தவத்தில் அமர்கிறான்.