தகுதி கேட்காத அருள்

உழவர்கரையில் தவக்காலம் வந்துவிட்டால் பெண்களின் கணக்கு தொடங்கிவிடும். எத்தனை நாள் ஒருசந்தி, எத்தனை சிலுவைப்பாதை, வில்லியனூர் மாதா கோயிலுக்கு எத்தனை தடவை நடை. மகனுக்கு வேலை கிடைக்க, மகளுக்கு வரன் அமைய, கணவன் குடியை விட. மீட்பு இலவசம் என்று சொல்லும் மதத்தில் பெண்கள் மட்டும் ஏன் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

மீட்பு இலவசம் என்பது நான் சொல்வதல்ல. எபேசியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் சொல்வது: மீட்பு அருளால் வரும் கொடை, செயல்களுக்குக் கிடைக்கும் கூலி இல்லை, எனவே யாரும் பெருமை பேச முடியாது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் இதையே அழுத்திச் சொன்னார். ஐரோப்பியத் திருச்சபை பிளந்தது. நம் தகுதியைப் பார்த்துக் கடவுள் நம்மை ஏற்பதில்லை, அருளால்தான் ஏற்கிறார் என்று கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து கையெழுத்திட 1999 வரை ஆனது.

இதற்கு நல்ல உதாரணம் மரியாதான். லூக்கா நற்செய்தியில் தூதர் அவளை அருள் பெற்றவள் என்று அழைக்கும்போது அவள் இன்னும் சம்மதம்கூடச் சொல்லவில்லை. அருள் முதலில் வருகிறது, பதில் பிறகு. ஆனால் மறையுரைகளில் நாம் கேட்கும் மரியா வேறு: கீழ்ப்படிந்தவள், பொறுத்தவள், தூய்மையானவள். கொடை பெற்றவளை மதிப்பெண் வாங்கியவளாக மாற்றி, அதே மதிப்பெண்ணை நம்மிடமும் கேட்கிறார்கள்.

பெண்ணை இப்படி எடைபோடும் வழக்கம் புதுச்சேரியில் பழையது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. தலித் மக்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் சீடர்கள்தானே, பிறகு ஏன் பாகுபாடு என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அருள் என்ற கோட்பாட்டை நம் ஊரில் யாராவது சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றால் அது அவர்கள்தான். தகுதியால் வராத ஒன்றுக்குச் சாதியால் வரிசை வைக்க முடியாது.

அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லிய மஸ்லின் உடுத்தி, நகைகளோடும் வாசனையோடும் பூசைக்கு வருகிறாள். சாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிரம்பால் அவள் தலையைக் குத்தி, நீ என்ன ஆட்டக்காரியா என்று கேட்டு எழுந்து போகச் சொல்கிறார். அவள் செல்வமும் சாதியும் உள்ளவள். அவள் பக்கத்தைக் காத்த சுவர் விழுந்தது நியாயம். ஆனால் சுவர் விழுந்த அதே இடத்தில் பெண்ணின் உடம்பு தகுதித் தேர்வுக்கு நிறுத்தப்பட்டது. அவள் கணவனின் அங்கவஸ்திரத்தை யாரும் அளந்ததாகக் குறிப்பில் இல்லை.

1960இல் அமெரிக்க இறையியலாளர் வலேரி சேவிங் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் தற்பெருமை என்று இறையியல் சொல்வது ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது. பெண்ணுக்குள்ள ஆபத்து தன்னையே கரைத்துக்கொள்வது என்றார். "நீ ஒன்றுமில்லை, எல்லாம் அவர் அருள்" என்பது கர்வம் பிடித்தவனுக்கு மருந்தாகலாம். காலையிலிருந்து இரவுவரை தான் ஒன்றுமில்லை என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு அது இன்னொரு அடி. அவள் கேட்க வேண்டியது மறுபாதியை: நீ எதையும் செய்துகாட்டாமலே ஏற்கப்பட்டவள்.

கடைசியாக ஒன்று. அடிக்கிற கணவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருகிறான். கடவுளே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துச் சேர்ந்து வாழம்மா என்று அவளிடம் சொல்கிறார்கள். அங்கே அருள் அவனுக்குக் கொடையாகவும் அவளுக்கு வேலையாகவும் பங்கிடப்படுகிறது. அருள் கடவுள் தருவது என்றால், அதைத் தயாரித்துப் பரிமாறும் பொறுப்பு மனைவிக்கு எப்படி வந்தது? கோட்பாட்டை உண்மையாக நம்புகிறவர்கள் முதலில் அவளிடம் சொல்ல வேண்டியது: அந்த வீட்டை விட்டு வெளியேறினாலும் உன்மேல் உள்ள அருள் ஒரு துளியும் குறையாது.