அதிபரின் நம்பிக்கையும் வாக்காளரின் மனசாட்சியும்

எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அதிபரின் உறுதிமொழி வாசகத்திலும் கடவுளின் பெயர் இல்லை. ஆனாலும் பதவியேற்பவர் பெரும்பாலும் பைபிள்மீது கைவைத்து, இறைவன் துணையிருக்கட்டும் என்று தாமாகவே சேர்த்துக்கொள்கிறார். சட்டம் கேட்காததை மக்கள் ஏன் எதிர்பார்க்கிறார்கள்? அதிபர் பதவியைப் பல்கலைக்கழகத்தில் பயில்பவருக்குக் கருத்துக்கணிப்பும் தேர்வாளர் குழுக் கணக்கும் இதற்கு முழு விடை தருவதில்லை.

அரசமைப்பின் தடை அரசுக்குத்தான். வாக்காளர் எதை வேண்டுமானாலும் எடைபோடலாம். 1928 அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஆல் ஸ்மித் தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அவர் கத்தோலிக்கர் என்பது அவற்றில் ஒன்று. 1960இல் அதே சந்தேகத்தை எதிர்கொண்ட ஜான் கென்னடி, ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, தம் மதம் தம் சொந்த விஷயம், ஆட்சி முடிவுகளில் திருச்சபை கட்டளையிட முடியாது என்றார். மயிரிழையில் வென்றார். தேர்தலுக்குப் போதுமான அந்தப் பதில் தத்துவத்துக்குப் போதாது. எது நீதி என்ற உணர்வே நம்பிக்கையில் ஊறி வளர்ந்திருக்கும்போது, அதைச் செருப்புபோல வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக முடியுமா?

சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா 1967இல் எழுதிய கட்டுரை இக்கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. 1762இல் ரூசோ பேசிய 'குடிமைச் சமயம்' என்ற கருத்தை எடுத்துக்கொண்ட அவர், எந்தத் திருச்சபையையும் சாராத ஒரு பொதுச் சமயம் அமெரிக்காவில் இருக்கிறது என்றார். அதிபரின் பதவியேற்பு உரை அதன் முக்கியச் சடங்கு. இது தேசம் தன்னையே வழிபடுவதாகாதா என்ற ஐயம் நியாயமானது. தேசத்துக்கும் மேலான ஒரு நீதி தேசத்தையே விசாரிக்கிறது என்பதுதான் அதன் சாரம் என்று பெல்லா வாதிட்டார்.

அதிபர் லிங்கனின் 1865 பதவியேற்பு உரை இதற்கு வலுவான சான்று. உள்நாட்டுப் போரில் மோதிய வடக்கும் தெற்கும் ஒரே பைபிளைப் படித்து, ஒரே கடவுளிடம் ஒருவருக்கெதிராக மற்றவர் வேண்டிக்கொண்டதை அவர் சொன்னார். வெற்றி கைக்கெட்டிய வேளையிலும் கடவுள் தம் பக்கம் என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. அடிமைமுறை என்ற பாவத்துக்கு இரு தரப்பும் பெறும் தண்டனையாக அந்தப் போர் இருக்கலாம் என்றார். எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராதவர் அவர். அமெரிக்க அதிபர் பேச்சுகளில் இதைவிட ஆழமான இறையியல் காண்பது அரிது.

பனிப்போர்க் காலத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1954இல் கொடி உறுதிமொழியில் கடவுள் சேர்க்கப்பட்டார். 1956இல் கடவுள் நம்பிக்கை தேசிய முழக்கமாயிற்று. தேசத்தை விசாரிக்க வேண்டிய நம்பிக்கை தேசத்தின் அடையாள முத்திரையாகச் சுருங்கியது. அப்படியானால் நம்பாதவரின் இடம் எது? பதவி ஏற்பவர் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க வேண்டும் என்ற மேரிலாந்து விதியை 1961இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2009இல் ஒபாமா தம் பதவியேற்பு உரையில், பல மதத்தவரோடு நம்பிக்கையற்றோரையும் நாட்டின் மக்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.